கிழநாய்களுக்கு முன்கூட்டிய சோதனை

பண்ணையையும் ஆட்டுப்பட்டியையும் காத்து வரும் நாய் ஏறத்தாழ ஏழு வயதைக் கடந்தால், அதற்கு முதுமை தொடங்கிற்றென்று குடியானவர்கள் அறிதல் வேண்டும். அதன் சோர்வை வயதின் இயல்பென்று வாளா விட்டுவிடுதல் தவறு. சிறுநீரகங்களின் வேலைத்திறனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குன்றிய பின்னரே நோய்க்குறிகள் வெளித்தோன்றும். நெடுநாள் நோயால் இழந்த பங்கு மீளாது.

ஆகையால் 6 மாதங்களுக்கொருமுறை மிருக வைத்தியரிடம் கொண்டுபோய், பல், இருதயம், இரத்தம், மூத்திரம் ஆகியவற்றைச் சோதிப்பித்தல் நலம். வீட்டிலும் மாதந்தோறும் நாயை நிறுத்து எடையைக் குறித்து வருக. மிகுதியாக நீர் பருகுதல், மெலிவு, வாய்நாற்றம், தோலின்கீழ்க் கட்டி இவற்றிலொன்று காணின் தவணைக்குக் காத்திராது உடனே காட்டுக. வெறிநோய்த் தடுப்பூசியை முதுமையிலும் நிறுத்தலாகாது.

சோதனைக்காகும் செலவு சிறிது. காலங்கடந்த வைத்தியமோ பொருளைப் போக்கும், நாயை மீட்டுத் தராது.