வருடம் முழுவதும் பட்டாசு விற்பனை: நாம் அறிய வேண்டிய சட்டம்

முன்பெல்லாம் பட்டாசு என்றால் தீபாவளிதான். இப்போது நமதூரில் கோயில் திருவிழா, நிக்காஹ் ஊர்வலம், தேர்தல் வெற்றி, இறுதி ஊர்வலம் என்று எல்லா மாதமும் வெடிச் சத்தம் கேட்கிறது. வெடிப்பு நடந்தால் விற்பனையும் நடக்கும். எனவே விற்பவர் மட்டுமல்ல, வாங்கும் நாமும் சட்டத்தை அறிவது அவசியம்.

ஆபத்து தூரத்தில் இல்லை. 2020 செப்டம்பர் 4 அன்று, பக்கத்துக் காட்டுமன்னார்கோவிலை அடுத்த குருங்குடியில் பட்டாசு தயாரித்த இடம் வெடித்து 9 பேர் உயிரிழந்தார்கள். 2021 அக்டோபர் 26 அன்று சங்கராபுரத்தில் கடைவீதியிலேயே ஒரு பட்டாசுக் கடை எரிந்தது. தீ பக்கத்துக் கடைகளுக்கும் பரவியது. அங்கும் பலர் இறந்தார்கள்.

1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும், 2008-ஆம் ஆண்டின் விதிகளும் சொல்வதைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

நிரந்தரக் கடை: உரிமம் கட்டாயம். கடை தரைத்தளத்தில், 9 முதல் 25 சதுர மீட்டருக்குள் இருக்க வேண்டும். மாடியில் குடியிருப்பு இருக்கக் கூடாது. தீயும் புகையும் மேலேதான் ஏறும். அவசர வழி வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். பதறி ஓடுகிறவர்கள் நெருக்கினால் உட்பக்கம் திறக்கும் கதவைத் திறக்க முடியாது.

தற்காலிகக் கடை: எளிதில் தீப்பற்றாத பொருளால் கொட்டகை அமைக்க வேண்டும். கடைக்குக் கடை 3 மீட்டர் இடைவெளி வேண்டும். ஒன்றையொன்று பார்த்தபடி அமைக்கக் கூடாது.

உரிமம் இல்லாமல் விற்றால் 2 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. ஆன்லைன் விற்பனைக்கும் சரவெடிக்கும் உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 தீர்ப்பில் தடை விதித்தது.

மிட்டாய் ஜாடிக்குப் பக்கத்தில் வெடிப் பெட்டி வைத்து விற்பவர் நமக்குத் தெரிந்த அண்ணனாகவே இருப்பார். அவர் பிழைப்பைக் கெடுப்பது நம் நோக்கமல்ல. ஆனால் அந்தக் கடையின் பின்கட்டில்தான் அவர் பிள்ளைகள் தூங்குகிறார்கள். இதை அவரிடம் அன்போடு எடுத்துச் சொல்வது நம் கடமை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 2023 அக்டோபர் 7 அன்று அத்திப்பள்ளி பட்டாசுக் கிடங்குத் தீயில் இறந்தவர்களில் பலர், தமிழகத்திலிருந்து சில நாள் கூலிக்குப் போன இளைஞர்கள். லீவு நாளில் பிள்ளை பட்டாசுக் கடை வேலைக்குப் போகிறேன் என்றால், உரிமம் இருக்கிறதா, அவசர வழி இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள்.

நிக்காஹ் வீட்டார் வெடியைத் தவிர்த்தாலே தேவை குறையும். தேவை குறைந்தால் பெட்டிக்கடை விற்பனையும் தானாகக் குறையும். தீ விபத்தைக் கண்டால் உடனே 101 அல்லது 112-க்கு அழையுங்கள்.