நொடிக்கு ஒரு மியூவான்

(சேரங்கோட்டிலிருந்து ஒரு வாசகி எழுதிய கேள்விகள் இவை. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறார். பிளஸ் டூ படிக்கும் மகன் வீட்டில் கிளப்பிவிட்ட வாக்குவாதம் இது என்கிறார். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறோம், வரிசையை மாற்றவில்லை.)

கேள்வி: ஐயா, வேகமாகப் போனால் நேரம் மெதுவாக ஓடும் என்று என் மகன் அடித்துச் சொல்கிறான். ராக்கெட்டில் போய் வந்தவனுக்கு வயது குறைவாகத்தான் ஏறியிருக்குமாம். இது சினிமாக் கதையா, நிஜமா? நிஜம் என்றால், நம் பக்கத்தில் யாராவது கண்ணால் பார்த்திருக்கிறார்களா?

பதில்: நிஜம்தான் அம்மா. அதற்கான சாட்சியை ஊட்டியில் நாள் தவறாமல் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

ராக்கெட்டை ஓரமாக வையுங்கள். உள்ளங்கையை வானம் பார்க்க விரியுங்கள். ஏறக்குறைய நொடிக்கு ஒன்று வீதம், மியூவான் என்ற நுண்துகள் அதைத் துளைத்துக்கொண்டு போகிறது. வலிக்காது, கூசாது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் (பெரும்பாலும் புரோட்டான்கள்) காற்று மண்டலத்தின் மேலடுக்கில் மோதிச் சிதறும்போது பிறப்பவை இவை. பிறக்கும் உயரம் சுமார் 15 கிலோமீட்டர். எலெக்ட்ரானுக்கு அண்ணன் மாதிரி. நிறை மட்டும் அதைப்போல 207 மடங்கு.

மியூவானுக்கு ஆயுள் குறைவு. ஓரிடத்தில் நிறுத்திவைத்தால் சராசரியாக 2.2 மைக்ரோ நொடியில் சிதைந்து, எலெக்ட்ரானை விட்டுவிட்டு மறைந்துவிடும். நொடியில் 10 லட்சத்தில் ஒரு பங்குதான் மைக்ரோ நொடி. ஒளியின் வேகத்திலேயே பறந்தாலும் அந்த ஆயுளுக்குள் அது தாண்டக்கூடியது 660 மீட்டர். 15 கிலோமீட்டர் இறங்கிவர அதைப்போல 22 ஆயுளுக்கு மேல் வேண்டும். கணக்குப் போட்டால், 700 கோடி மியூவான் கிளம்பினால் ஒன்று தரைக்கு வந்து சேர்வதே அதிகம். ஆனால் உங்கள் கையில் நொடிக்கு ஒன்று விழுகிறது. அவ்வளவு வேகத்தில் ஓடும் மியூவானுக்கு நேரம் நம் கணக்கில் மெதுவாக நகர்கிறது. அதன் ஆயுள் நமக்கு நீண்டு தெரிகிறது. அதனால்தான் வந்து சேர்கிறது.

இதை முதலில் எழுதிவைத்தவர்களில் ஒருவர் நம்மவர். 1938-ல் ஹோமி பாபா கேம்பிரிட்ஜில் இருந்தபோது, 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கடிதம் எழுதினார். காஸ்மிக் கதிர்களில் அப்போதுதான் புதிதாகத் தென்பட்டிருந்த, எலெக்ட்ரானைவிடக் கனமான துகளை (இன்றைய மியூவானை)ப் பற்றியது அது. அது தானாகச் சிதையக்கூடியது என்றால் அதையே ஒரு கடிகாரமாகக் கொள்ளலாம், ஓடும்போது அதன் ஆயுள் நீள வேண்டும் என்று ஐன்ஸ்டீனின் சார்பியல் கோட்பாட்டை வைத்துச் சொன்னார். அப்போது அவருக்கு 28 வயது. பிறகு 1945-ல் அவர் தொடங்கிய டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், 1950-களிலேயே ஊட்டிக்கு வந்து காஸ்மிக் கதிர்களை ஆராயத் தொடங்கியது. இன்று அங்கே 'கிரேப்ஸ்-3' என்ற ஆய்வு நடக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டர் உயரம். இரண்டு மீட்டர் கனத்துக்குக் கான்கிரீட், அதற்கு அடியில் வரிசை வரிசையாக 3,712 இரும்புக் குழாய்கள், ஒவ்வொன்றும் 6 மீட்டர் நீளம். மற்ற துகள்களைக் கான்கிரீட் தடுத்துவிடும். வேகமான மியூவான் மட்டும் ஊடுருவிக் குழாய்க்குள் மின்துடிப்பாகப் பதிவாகும். ஒரு நாளைக்கு அப்படிப் பதிவாவது சுமார் 400 கோடி. ஊட்டியில் இப்போது யாரும் ஐன்ஸ்டீனைச் சோதித்துக்கொண்டிருக்கவில்லை. அவர் சொன்னதைச் சரியென்று வைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள்.

சோதனை வேறு இடத்தில் முடிந்துவிட்டது. 1960-களின் தொடக்கத்தில் ஃபிரிஷ், ஸ்மித் என்ற இருவர் அமெரிக்காவின் வாஷிங்டன் மலையில் மியூவான்களை எண்ணினார்கள். உயரம் சுமார் 1,900 மீட்டர், நம் ஊட்டியைவிடக் குறைவு. மலை மேல் மணிக்குச் சுமார் 563. நேரம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்றால் கடல் மட்டத்தில் 27 அளவில்தான் மிஞ்ச வேண்டும். அவர்கள் எண்ணியது 400-க்கு மேல். மியூவானின் நேரம் கிட்டத்தட்ட 9 மடங்கு மெதுவாகியிருந்தது.

கேள்வி: சரி, ஆனால் ஏன் மெதுவாக வேண்டும்? கடிகாரம் பழுதானால் மெதுவாக ஓடும். நேரமே எப்படிப் பழுதாகும்?

பதில்: பழுது எதுவும் இல்லை. ஒளியின் பிடிவாதம்தான் காரணம். கூடலூரிலிருந்து ஊட்டிக்கு ஏறும் பஸ்ஸில் ஒரு விசித்திரக் கடிகாரம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து ஓர் ஒளித் துணுக்கு கூரைக்குப் போய்க் கண்ணாடியில் பட்டுத் திரும்பினால் ஒரு 'டிக்'. பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒளி நேர் மேலே போய் நேர் கீழே வருகிறது. சாலையோரம் நிற்கும் உங்களுக்கு? ஒளி மேலே போவதற்குள் பஸ் கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது. அதனால் அதன் பாதை சாய்வாகத் தெரியும். சாய்வுப் பாதை நேர்ப் பாதையைவிட நீளம்.

ஒளிக்குப் பதில் பந்தாக இருந்தால் சிக்கலே இல்லை. பஸ்ஸின் வேகமும் பந்தோடு சேர்ந்துகொள்ளும். நீண்ட பாதையைக் கூடுதல் வேகத்தில் ஓடி, அதே நேரத்தில் முடித்துவிடும். ஒளி அப்படிச் செய்யாது. பஸ்ஸிலிருந்து பார்த்தாலும் சாலையிலிருந்து பார்த்தாலும் வெற்றிடத்தில் அதன் வேகம் நொடிக்கு 2,99,792 கிலோமீட்டர்தான். பாதை நீளம், வேகம் அதே. ஆக உங்கள் கணக்கில் அந்த 'டிக்'குக்கு அதிக நேரம் ஆகத்தான் வேண்டும். பஸ்ஸில் இருப்பவரின் இதயத் துடிப்பும் அந்த 'டிக்'கோடு ஒத்துத்தான் போகிறது. அதனால் அவருக்குத் தன் நேரத்தில் எந்த வித்தியாசமும் தெரியாது. 1905-ல் ஐன்ஸ்டீன் செய்தது இதுதான்: ஒளியின் வேகத்தை மாற்ற மறுத்தார், நேரத்தை விட்டுக்கொடுத்தார்.

அப்படியானால் பஸ் ஓட்டுநர்கள் இளமையாக இருக்க வேண்டுமே என்று உங்கள் மகன் கேட்கக்கூடும். ஓர் ஆண்டு முழுக்க நிற்காமல் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் (அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் முயல வேண்டாம்) அவர் மிச்சம் பிடிப்பது நொடியில் 2 கோடியில் ஒரு பங்கு.

கேள்வி: மியூவானுக்குத் தன் ஆயுள் 2.2 மைக்ரோ நொடிதான் என்றால், அது எப்படி 15 கிலோமீட்டரைத் தாண்டுகிறது? அதன் கணக்கில் உதைக்கிறதே!

பதில்: இந்தக் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். கல்லூரியில் படித்தவர்களே இங்கே தடுமாறுவார்கள்.

நேரம் 20 மடங்கு மெதுவாகும் அளவுக்கு வேகமான ஒரு மியூவானை எடுத்துக்கொள்வோம். வழியில் காற்று அதன் சக்தியைக் கொஞ்சம் பிடுங்கும்; அதை இங்கே விட்டுவிடுகிறேன். அந்த மியூவானின் மேல் உட்கார்ந்து பார்த்தால் அது ஓடவில்லை. நின்ற இடத்தில் நிற்கிறது. பூமிதான் காற்று மண்டலத்தையும் இழுத்துக்கொண்டு அதை நோக்கிப் பாய்ந்து வருகிறது. பாய்ந்து வரும் பொருள், வரும் திசையில் சுருங்கும். அதே 20 மடங்கு. 15 கிலோமீட்டர் காற்று அதற்கு 750 மீட்டர்தான். 2.2 மைக்ரோ நொடிக்குள் 660 மீட்டர் என்றோம் அல்லவா? சராசரி ஆயுளைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடித்தால் போதும், தரையைத் தொட்டுவிடலாம். மூன்றில் ஒன்று தொடும். நாம் 'நேரம் நீண்டது' என்கிறோம், மியூவான் 'தூரம் குறைந்தது' என்கிறது. எத்தனை வந்து சேரும் என்பதில் இரண்டு கணக்கும் ஒரே விடையைத் தருகின்றன.

போய்த் திரும்பி வரும் ராக்கெட்காரர் விஷயமும் இதோடு தீர்ந்துவிடும். நேர்கோட்டில் விலகிப் போய்க்கொண்டே இருக்கும்வரை 'உன் கடிகாரம்தான் மெதுவு' என்று இருவரும் மாற்றி மாற்றிச் சொல்லலாம், இருவர் சொல்வதும் சரி. ஒருவர் திரும்பி வந்தால் சமநிலை போய்விடுகிறது. திரும்பியவருக்குத்தான் வயது குறைவாக ஏறியிருக்கும். ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் மியூவான்களை ஒரு வளையத்துக்குள் சுற்றவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பத் திரும்ப வரச் செய்தார்கள். 1977-ல் வெளியான முடிவு: 2.2 மைக்ரோ நொடி ஆயுள் 64 மைக்ரோ நொடிக்கு மேல் நீண்டது. உங்கள் மகன் சொன்னது சரிதான்.

கேள்வி: மலை மேல் இருப்பவர்களுக்கு நேரம் வேறு மாதிரி ஓடுமாமே? எங்களுக்குச் சீக்கிரம் வயதாகுமா?

பதில்: ஆகும், ஆனால் அதற்காகச் சமவெளிக்குக் குடிபெயர வேண்டாம். ஈர்ப்பு விசைக்குக் காரணமான நிறையை நெருங்க நெருங்க நேரம் மெதுவாகும். விலக விலக வேகமாகும். இது ஐன்ஸ்டீன் 1915-ல் முடித்த பொதுச் சார்பியல். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா உச்சியில் வைத்த கடிகாரம், சென்னைக் கடற்கரையில் உள்ளதைவிட ஆண்டுக்குச் சுமார் 9 மைக்ரோ நொடி முந்தும். 80 வருடம் அங்கேயே வாழ்ந்தவர் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மூத்திருக்க மாட்டார். சேரங்கோட்டுக்கு நீங்களே கணக்குப் போடலாம்: ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் ஆண்டுக்கு மைக்ரோ நொடியில் மூன்றில் ஒரு பங்கு.

இவ்வளவு சிறிய வித்தியாசத்தை அளக்க முடியுமா என்றால், முடிகிறது. 2010-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கடிகாரத்தை 33 சென்டிமீட்டர் உயர்த்தியே வித்தியாசத்தைப் பிடித்தார்கள். உங்கள் போனில் வழி காட்டும் ஜி.பி.எஸ். இதில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அந்தச் செயற்கைக்கோள்களின் கடிகாரம் வேகத்தால் நாளுக்கு 7 மைக்ரோ நொடி பிந்துகிறது, ஈர்ப்பு குறைவதால் 45 முந்துகிறது. மிச்சம் 38. அதைச் சரிக்கட்டாமல் விட்டால் ஒரே நாளில் தூரக் கணக்கில் 11 கிலோமீட்டர் பிசகிவிடும். பந்தலூருக்கு வழி கேட்டால் வேறெங்கோ கொண்டுபோய் விடும். சூரியனின் ஈர்ப்பு அங்கே நேரத்தை மெதுவாக்குகிறதா என்பதைச் சூரிய ஒளியின் நிறமாலையில் தேடிய முன்னோடிகளில் ஒருவர், கொடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த ஜான் எவர்ஷெட். தமிழ்நாட்டு மலைகளுக்கு ஐன்ஸ்டீனோடு பழைய பழக்கம் உண்டு.

கேள்வி: மேலே ஏறினால் சூரியனுக்குக் கிட்டப் போகிறோம். பிறகு ஏன் ஊட்டியில் இந்தக் குளிர்?

பதில்: சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நீங்கள் கிட்டப் போனது இரண்டேகால் கிலோமீட்டர். காற்றைச் சூடாக்குவது பெரும்பாலும் சூடேறிய தரை. அங்கிருந்து மேலேறும் காற்று, அழுத்தம் குறைவதால் விரிந்து குளிர்கிறது. சராசரியாகக் கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும்.

கேள்வி: ஒளியை முந்தினால் நேற்றைக்குப் போகலாமா?

பதில்: முந்த முடியாது, நிறை உள்ள எதையும் ஒளியின் வேகத்துக்குத் தள்ள முடிவில்லாத சக்தி வேண்டும். 2011-ல் நியூட்ரினோ முந்திவிட்டது என்று உலகமே பரபரத்தது. கடைசியில் ஓர் ஒளியிழைக் கேபிள் சரியாகப் பொருந்தாததுதான் முக்கியக் காரணம் என்று தெரிந்தது.

கேள்வி: கடைசியாக ஒன்று. இடி மழையில் கொழுந்து எடுக்கப் பயமாக இருக்கிறது. அந்த ஊட்டிக் கருவிக்கு இடி தெரியுமா?

பதில்: நன்றாகவே தெரியும். 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டி மேல் ஓர் இடிமேகம் வந்து நின்றபோது, அந்தக் குழாய்களில் பதிவாகும் மியூவான்களின் எண்ணிக்கை சற்றுக் குறைந்தது. மேகத்தின் மின்புலம் மியூவான்களின் சக்தியைக் கூட்டியும் குறைத்தும் விட்டிருந்தது. அதைக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டபோது மேகத்துக்குள் இருந்த மின்னழுத்தம் சுமார் 130 கோடி வோல்ட் என்று தெரிந்தது. 2019-ல் இது வெளியானபோது, இடிமேகத்தில் அதுவரை யாரும் இவ்வளவு பெரிய மின்னழுத்தத்தை அளந்திருக்கவில்லை. நம் வீட்டு மின்சாரத்தில் 230 வோல்ட்.

ஆகவே உங்கள் பயம் நியாயமானது. மின்னலின் ஒளி உடனே வந்துவிடும். ஒலி ஒரு கிலோமீட்டருக்கு மூன்று நொடி எடுக்கும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 நொடி இருந்தால் அது 10 கிலோமீட்டர் தூரத்தில். அதற்கும் குறைந்தால் அடுத்தது உங்கள் பக்கம் விழலாம். தோட்டத்து நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்கள்தான் அங்கே உயரமானவை. மின்னல் தேடுவதும் அவற்றைத்தான். அவற்றின் அடியில் ஒதுங்காதீர்கள். கூடையையும் கத்திரியையும் போட்டுவிட்டு உறுதியான கட்டடத்துக்குள் அல்லது மூடிய வண்டிக்குள் போங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை வெளியே வராதீர்கள். இந்தப் பத்தியை உங்கள் மேஸ்திரிக்கும் படித்துக் காட்டுங்கள்.