சாறு பிறகு, தோல் முதலில்

பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம். 1 எலுமிச்சை, மேலைநாட்டுச் செய்முறைகள் சொல்லும் தடித்த தோல் 'லெமன்' அல்ல. அதனால் அந்த அளவுகளை அப்படியே எடுத்துக்கொண்டால் எலுமிச்சை கேக் ஏமாற்றிவிடும். புளிப்பு வேண்டுமென்று மாவிலேயே சாற்றைக் கூட்டுவது பலரின் வழக்கம். ஆனால் பேக்கிங் பவுடரில் இருக்கும் சமையல் சோடா அந்த அமிலத்தைச் சமன்செய்துவிடுவதால் புளிப்பு மங்கிப்போகிறது. மணம் இருப்பதோ தோலின் எண்ணெயில்தான். ஆகவே 2 பழங்களின் தோலை மட்டும் துருவி, 150 கிராம் சர்க்கரையோடு விரலால் கசக்குங்கள். அதில் 2 முட்டை, 150 மி.லி. கெட்டிக் கிரீம் அடித்து, 200 கிராம் மைதா, ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர் கலந்து, 170 டிகிரியில் 40 நிமிடம் வேகவிடலாம். சாறு அதன் பிறகுதான்: 2 பழச் சாற்றில் 4 டேபிள்ஸ்பூன் சர்க்கரை கரைத்துச் சூடான கேக்கின்மேல் ஊற்றினால் புளிப்பு முழுதாக நிற்கும்.

தோல் கசக்குமே என்பார்கள். கசப்பு அடியிலிருக்கும் வெள்ளைப் பகுதியில் இருக்கிறது. நம் பழத்தின் மெல்லிய தோலில் அது சீக்கிரம் தட்டுப்படும், கை அழுத்தாமல் துருவுங்கள். எலுமிச்சை பட்டால் கிரீம் திரிந்துவிடும் என்ற பயமும் உண்டு. கொழுப்பு மிகுந்த கிரீம் பாலைப்போல எளிதில் திரியாது, கெட்டிப்படும்.