போலி முத்திரையும் பஞ்சசீலமும்



சென்ற பௌர்ணமியன்று மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் வந்தனை முடிந்து, பஞ்சசீலம் ஏற்று, அனைவரும் எழுந்து செல்லும் வேளையில், அலுவலகமொன்றில் பணிபுரியும் நம் மகள் ஒருத்தி பின்தங்கி நின்றாள். தோளிலிருந்த கைப்பையைக் காட்டி, "ஐயா, இது வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர் போட்ட பை. ஆனால் அசல் அன்று, ஃபர்ஸ்ட் காப்பி. தெரிந்தேதான் வாங்கினேன். இப்பொழுதுதான் சீலம் ஏற்றேன். அதை மீறிவிட்டேனா?" என்று கேட்டாள். சீலத்தைச் சொல்லளவில் நிறுத்தாமல் தோளில் தொங்கும் பொருள்வரை கொண்டு சென்ற கேள்வி இது. இம்மாதப் பாடமாக இதனையே ஆராய்வோம்.

முதலில் இரண்டாம் சீலம். அதின்னாதானம், அதாவது கொடுக்கப்படாததை எடுத்தல், ஐந்து உறுப்புகள் கூடியபோது நிறைவெய்தும் என்பர் உரையாசிரியர். பொருள் பிறருடையதாதல், பிறருடையதென அறிதல், திருடும் எண்ணம், அதற்கான முயற்சி, அம்முயற்சியால் பொருள் கைப்படுதல் என்பன அவ்வைந்து. பையின் துணியும் தோலும் தையற்கூலியும் விலை கொடுத்துப் பெற்றவையே. ஆனால் அதன்மேல் பதித்த பெயர் யாருடையது? அதனை எவரும் கொடுக்கவில்லை. ஆகவே பெயரை அறிந்தே எடுத்துப் பதித்தவனிடம் ஐந்து உறுப்பும் உள்ளன. தன் கையால் எடுப்பதேயன்றி, ஏவி எடுப்பிப்பதும் களவின் வழியே என்பதால், "இன்ன முத்திரையைப் போட்டுக் கொடு" என்று சொல்லிச் செய்விப்பவனும் தப்பான். கடையில் ஆயத்தமாய் இருந்ததை அறிந்து வாங்கியவர் களவாளி ஆகார். எனினும் களவுக்குச் சோறிட்டவர் ஆவார். அறியாது வாங்கியவர்மேல் குற்றமில்லை.

"வெறும் பெயர்தானே?" என்பார் உளர். நாம் பஞ்சாலையில் வேலை செய்த காலத்தில், துணி மடிக்கும் பகுதியில் ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் ஆலையின் முத்திரை குத்தப்படும். நூற்றவன், நெய்தவன், சாயமிட்டவன், சோதித்தவன் ஆகிய எல்லோருடைய கையும் அம்முத்திரைக்குப் பின்னே இருந்தது. ஒருமுறை, எங்கோ நெய்த மட்டத் துணியில் எம் ஆலையின் முத்திரையைக் கடைவீதியில் கண்டோம். சாயம் வெளுத்தபோது வசை எம்மைச் சேர்ந்தது. பெயர் என்பது பலர் உழைத்துச் சேர்த்த நம்பிக்கை என்பதை அன்று உணர்ந்தோம்.

இத்தீமை புதிதன்று. பாரிசு நகரில் 1854-இல் தொடங்கப்பட்ட லூயி வித்தோன் நிறுவனம், பெயரெழுத்துகளும் பூக்களும் கலந்த தன் புகழ்பெற்ற கோலத்தை 1896-இல் வகுத்ததற்கு ஒரு காரணம், போலி செய்வாரைத் தடுப்பதே. இன்று அக்கோலமே பெரிதும் போலி செய்யப்படுகிறது! இதனினும் பழைய சான்று நம் நூல்களில் உண்டு. பொய்த் துலாக்கோல், பொய்ப் பாத்திரம், பொய் அளவை ஆகியவற்றினின்று விலகியவர் பகவர் என்று சூத்திரங்கள் கூறும். பொய்ப் பாத்திரம் யாதென்பதை, காஞ்சியில் தங்கியிருந்ததைத் தாமே குறித்துள்ள ஆசாரியர் புத்தகோசர் விளக்குகிறார். வஞ்சகன் ஒருவன் பொன் கிண்ணம் ஒன்று செய்து, உலோகக் கிண்ணங்கள் இரண்டு மூன்றிற்குப் பொன்னிறம் ஏற்றுகிறான். வாங்குவோர் ஐயுற்றால் பொன் கிண்ணத்தை மட்டும் கல்லில் உரைத்துக் காட்டி, அனைத்தையும் விற்றுவிட்டுப் போகிறான். இன்றைய ஃபர்ஸ்ட் காப்பியின் மூதாதை இதுவன்றோ!

அடுத்து நான்காம் சீலம். பொய்க்கு உறுப்புகள் நான்கு. செய்தி உண்மையன்மை, ஏமாற்றும் எண்ணம், அதற்கான முயற்சி, பிறர் அதனைப் புரிந்துகொள்ளல். நாவால் உரைப்பது மட்டுமே பொய்யென எண்ணற்க. உடலாலும், உடலோடு சேர்ந்த பொருளாலும் பொய் நிகழும் என்பது உரையாசிரியர் துணிபு. தோளில் மாட்டிய பை உடலோடு சேர்ந்த பொருளே! பிறர் அசலென நம்பவேண்டும் என்றெண்ணி அதனை ஏந்தி நடந்தால், வாய் திறவாமலே பொய் சொன்னவராவோம். அவ்வெண்ணம் இல்லாதபோது இச்சீலம் மீறப்படவில்லை. ஆகவே பையைப் பார்க்குமுன் மனத்தைப் பார்க்க வேண்டும்.

"கோடீசுவரக் கம்பெனிக்கு இதனால் என்ன நட்டம்? அவர்கள் நம் உழைப்பைத் திருடவில்லையா?" என்று இளைஞர் கேட்பர். நியாயமான கேள்வி. 2025 சூனில் மிலான் நகரில் பிராடா நிறுவனம், கோலாப்பூரிச் செருப்பை ஒத்த காலணிகளை மூலத்தைச் சொல்லாமலே அரங்கேற்றியது. அச்செருப்புக்கோ 2019-லேயே புவிசார் குறியீடு வழங்கப்பட்டிருந்தது. கண்டனம் எழுந்தபின், இந்தியக் கைவினையே மூலமென்று அந்நிறுவனம் ஒப்பியது. அவ்வாண்டு திசம்பரில் மகாராட்டிர, கருநாடக அரசுகளின் தோல் தொழிற் கழகங்களோடு உடன்படிக்கையும் செய்தது. தோல் தொழிலாளியின் பெயரை மறைத்தது தவறென்று நாம் குரலெழுப்பினோம். அப்படியாயின், பிறர் பெயரை நாம் எடுப்பது மட்டும் எவ்வாறு சரியாகும்? வலியவன் செய்தாலும் எளியவன் செய்தாலும் களவு களவே. ஒரே துலாக்கோலால் இருவரையும் நிறுப்பதே தம்மம்.

நட்டமடைபவர் அயல்நாட்டார் மட்டும் அல்லர். நம் தாராவியைக் காண்க. தமிழ்நாட்டிலிருந்து வந்தோர் பலர் அங்கே தோலைப் பதனிட்டும் தைத்தும் வாழ்ந்தனர். இன்றும் அங்குள்ள பட்டறைகளில் நேர்த்தியான பைகள் உருவாகின்றன. அந்த விரல்களுக்குத் திறமை குறைவில்லை, குறைவது பெயரே. பொய் முத்திரை குத்தியவன் தன் பெயரை வெளியிட முடியாது. 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டம் போலி செய்வோர்க்கும் விற்போர்க்கும் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், அபராதமும் விதிக்கிறது. இத்தாலியில் வாங்குவோர்க்கும் அபராதம் உண்டு. காவலர் வந்தால் சரக்கோடு கூலியும் போகும். முத்திரையில்லாத தாராவிப் பையை வாங்கினால் முழு மதிப்பும் செய்தவனைச் சேரும்.

இனி அம்மகளின் உள்ளத்திற்கு வருவோம். ஏன் வாங்கினாயென வினவினோம். "துணிப்பையோடு போனபோது என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள் ஐயா" என்றாள். அந்தப் பார்வையை நாம் அறிவோம். நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாக அறிவர். பாபாசாகேப் அம்பேத்கர் 1927-இல் மகாடில் நம் பெண்களை நோக்கி, இழிவின் அடையாளமான உடைமுறையை விட்டுத் தூய்மையாக உடுத்துமாறு கூறினார். ஆகவே நன்றாக உடுத்துவது ஆடம்பரம் அன்று, நம் உரிமை. ஆனால் அவர் கூறியது நம்மை நாமாகவே நிமிர்ந்து நிற்கச் செய்யும் உடை. போலி முத்திரையோ, "நான் போதாதவள்" என்ற பகைவரின் தீர்ப்பை நாமே ஒப்புக்கொள்ளும் கையெழுத்து. 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் அவர் தம்மம் தழுவியபோது, பிறர் தந்த இழிவை உதறியெறிந்தார். அவர் வழியில் தம்மம் ஏற்ற நாம், பிறர் பெயரால் பெருமை தேடலாமோ?

"அப்படியானால் இப்பையை எறிந்துவிடவா?" என்றாள். வேண்டா. உழைத்த பணத்தில் வாங்கிய பொருளை வீணாக்குவது அறமன்று. முத்திரையைப் பிரித்தெடுக்கக் கூடுமாயின் பிரித்துவிடுக. கூடாதாயின், கேட்பவரிடம் உண்மையைச் சொல்லுக. அசலென்று எவருக்கும் பரிசளியாதே, விற்காதே. பை கிழியும்வரை பையாகப் பயன்படட்டும். அடுத்த பை வாங்கும் நாளில் வருவாய்க்கு ஏற்ற செலவு எனும் சமசீவிதத்தை நினைவிற்கொள்க. அவள் புன்னகைத்து, பையிலிருந்து சிறு கத்தரிக்கோலை எடுத்து, அங்கேயே அமர்ந்து தையலைப் பிரிக்கலானாள்.

சிந்தனைக்கு:

1. அதின்னாதானத்தின் ஐந்து உறுப்புகள் எவை? போலி செய்பவன், செய்விப்பவன், வாங்குபவர் ஆகியோரிடம் அவற்றுள் எவை உள்ளன?

2. வாய் பேசாமல் பொய் நிகழ்வது எங்ஙனம்? நம் வீட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு காண்க.

3. யாருடைய கண்ணுக்காக நாம் பொருள் வாங்குகிறோம்?

எல்லா உயிர்களும் இன்புறுக!