அறிந்து ஈவதே தானம்

அட்சய திருதியை நாளில் நம் ஜினாலயங்களில் கரும்புச்சாறு வழங்குகிறோம். அதன் வரலாறு நம் இல்லத்துச் சிறுவரும் அறிந்ததே. ஆதிபகவனாகிய விருஷபதேவர் துறவு பூண்டு, ஆறு திங்கள் உண்ணாநோன்பு நிறைவுற்றபின் ஆகாரத்தின் பொருட்டு ஊர்தோறும் எழுந்தருளினார். மக்கள் அன்பில் குறைந்தவர் அல்லர். யானை, குதிரை, பொன், மணி, ஆடை என அனைத்தையும் அவர் திருமுன் கொண்டுவந்து வைத்தனர். துறவிக்கு வேண்டுவது யாது, அதனை எவ்வாறு அளித்தல் வேண்டும் என்பதை மட்டும் எவரும் அறிந்திலர். ஆகவே பகவான் மேலும் பல திங்கள் உணவின்றியே நடந்தார். அத்தினாபுரத்தில் சிரேயாம்ச குமாரன் முற்பிறவி நினைவினால் முறையறிந்து கரும்புச்சாறு அளித்த அன்றே இவ்வுலகில் தானம் தொடங்கிற்று.

பொருள் இருந்தது, மனமும் இருந்தது, அறிவு இல்லாமையால் தானம் நிகழவில்லை. போரினால் ஊரும் உறவும் இழந்து வருவோர்க்கு நாம் செய்யும் உதவியை இந்த அளவுகோலால் அளந்து பார்ப்பதே இப்பாடத்தின் நோக்கம்.

நான்கு தானங்கள்

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் எனத் தானம் நான்கு. சமந்தபத்திராசாரியார் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் ஆகாரம், ஔடதம், உபகரணம், உறைவிடம் என வகுப்பார். அந்நூலைத் தழுவி எழுந்ததே நம் அருங்கலச்செப்பு. துறவியர்க்குப் பக்தியுடன் அளிப்பது பாத்திர தானம். துன்புறும் எவ்வுயிர்க்கும் இரங்கி அளிப்பது கருணா தானம். கருணா தானத்தில் பெறுபவரின் சமயத்தையும் குலத்தையும் நாட்டையும் வினவுதல் இல்லை. ஆனால் அவருக்கு வேண்டுவது யாது என்பதை வினவாமல் அளிப்பது முறையன்று. இவ்விரண்டையும் மாற்றிச் செய்வதே நம்மிடம் உள்ள குறை.

கல்லலில் கற்ற பாடம்

காரைக்குடியிலிருந்து மானாமதுரை செல்லும் இருப்புப்பாதையில் உள்ள ஊர் கல்லல். செட்டிநாட்டு ஊர்கள் பலவற்றைப் போலவே பர்மாத் தேக்கில் செய்த தூண்களும் நிலைகளும் கொண்ட பெரிய வீடுகள் உடையது. அவ்வூர்ப் பக்கத்துப் பள்ளியொன்றில் நாம் ஆசிரியப் பணியாற்றிய காலத்து நிகழ்ச்சி இது.

1983 முதல் ஈழத்தமிழர் கடல் கடந்து தமிழகம் வரலாயினர். 1990 ஜூன் திங்களில் அங்கே மீண்டும் போர் மூண்டபோது, மன்னார்க் கரையிலிருந்து படகேறிப் பல்லாயிரவர் இராமேசுவரக் கரையை அடைந்தனர். மண்டபம் முகாமில் பதிவு செய்யப்பெற்றுப் பல மாவட்டங்களுக்கும் அனுப்பப்பட்டனர். இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் ஒக்கூர் முதலிய இடங்களில் முகாம்கள் அமைந்தன. முகாமில் சேராமல் வாடகை வீடுகளில் தங்கியோரும் உண்டு. அத்தகைய தாய் ஒருவர் தம் மகளைப் பள்ளியில் சேர்க்க வந்தார். அப்பெண் எட்டாம் வகுப்பில் பயின்றுகொண்டிருந்தவள். மாற்றுச் சான்றிதழ் முதலிய தாள்கள் யாவும் கைவிட்டு வந்த வீட்டில் இருந்தன. ஆசிரியர்களாகிய நாங்கள் சான்று இல்லாமையால் அவளை ஆறாம் வகுப்பில் அமர்த்தினோம்.

அதன்பின் இரக்கம் மேலிட்டு, பணம் திரட்டிச் சீருடை வாங்கினோம். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மாணவர் அனைவரும் கைதட்ட அதனை அவளிடம் அளித்தோம். மறுநாள் அவள் அச்சீருடையை அணியாமல் பழைய பாவாடையுடனேயே வந்தாள். நன்றி அறியாத பெண் என்றே நாம் எண்ணினோம்.

அன்று மாலை பக்கத்து வீட்டு ஆச்சியிடம் இதனைச் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டோம். ஆச்சியின் தந்தையார் பர்மாவில் தொழில் செய்தவர். 1941 டிசம்பர் 23ஆம் நாள் சப்பானியர் இரங்கூனில் குண்டு வீசினர்; 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. ஏறத்தாழ ஐந்து இலட்சம் இந்தியர் அந்நாட்டை விட்டு வெளியேறினர். அரக்கான் மலைவழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தோரில் பல்லாயிரவர் பசியாலும் காலராவாலும் வழியிலேயே மாண்டனர். மணிப்பூர் வழியில் தேயிலைத் தோட்டத்தார் சங்கம் முகாம்கள் அமைத்து உணவும் மருந்தும் அளித்துப் பலரைக் காத்தது.

ஆச்சி சொன்னார்: “எங்க அப்பச்சி அந்த வழியாத்தான் நடந்து வந்தாக, டீச்சர். கஞ்சி ஊத்துனவுக எத்தனையோ பேரு. ‘உங்களுக்கு எந்த ஊரு, வீட்டுக்குத் தகவல் எழுதட்டுமா’ன்னு கேட்டவரு ஒருத்தருதான். சாகுற மட்டும் அவரைத்தான் சொல்லிக்கிட்டிருந்தாக. நீங்க அந்தப் பிள்ளைகிட்ட என்ன வேணும்னு கேட்டீகளா?”

நாம் கேட்கவில்லை. மறுநாள் தனியே அழைத்துக் கேட்டோம். அவள் சீருடையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. “எட்டாம் வகுப்புக் கணக்குக் கேளுங்கோ, ரீச்சர், நான் செய்து காட்டுறன்” என்றாள். செய்தும் காட்டினாள். தலைமையாசிரியரிடம் எடுத்துரைத்து அவளை எட்டாம் வகுப்பில் அமர்த்தினோம். அன்றுதான் அவளுக்குச் சாத்திர தானம் கிடைத்தது. அதற்கு முன் அளித்தவை யாவும் விருஷபதேவர் முன் வைத்த யானையும் குதிரையுமே.

ஏதிலியர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். தந்தை செல்வாவின் மகனார் சந்திரகாசன் 1984ஆம் ஆண்டு தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், ஏதிலியர் தமக்குத் தாமே பணிபுரியும் அமைப்பு. முகாம் பிள்ளைகளின் கல்வியை அது தன் தலையாய பணிகளுள் ஒன்றாகக் கொண்டது.

மகாவீரர் பெயரால் ஓர் ஔடத தானம்

போர் பறிக்கும் செல்வங்களுள் கால்களும் உண்டு. மேனாட்டுச் செயற்கைக் கால் காலணியுடன் நடப்பதற்கு ஏற்றது. நம் நாட்டு உழவர் அதனை அணிந்து சேற்றில் இறங்க இயலாது. குந்தி அமரவோ சம்மணமிடவோ இயலாது. 1968ஆம் ஆண்டு ஜெய்ப்பூரில் கைவினைஞர் இராமச்சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் இரப்பரால் ஒரு காலை உருவாக்கினர். வெறுங்காலுடன் நடக்கவும், குந்தவும், சம்மணமிடவும் அது இடம் தந்தது. பெறுபவர் எவ்வாறு வாழ்கிறார் என்று நோக்கிச் செய்தமையே அதன் சிறப்பு.

மகாவீரரின் 2500ஆவது நிர்வாண ஆண்டினையொட்டி, 1975இல் சமணப் பெருமகனார் டி. ஆர். மேத்தா, பகவான் மகாவீரர் பெயரால் ஜெய்ப்பூரில் ஒரு சங்கம் நிறுவி, இக்காலை இலவசமாக வழங்கலானார். அவரும் 1969இல் விபத்தில் கால் இழக்கும் நிலைக்குச் சென்று மீண்டவர். ஈழப்போர் 2009 மே திங்களில் முடிவுற்றபின், 2010ஆம் ஆண்டு அச்சங்கத்தார் இந்திய அரசின் உதவியுடன் வவுனியா மாவட்டத்து மெனிக்பாம் முகாமுக்குச் சென்று, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர்க்குச் செயற்கைக் கால் பொருத்தினர். அகிம்சையைப் போற்றும் நமக்கு இது பெருமை மட்டுமன்று, முன்மாதிரியும் ஆகும்.

அபயமே அடிப்படை

உறைவிட தானத்திற்கு எடுத்துக்காட்டாகச் சமந்தபத்திரர் சுட்டுவது ஒரு பன்றியை. இரு நண்பர்கள் கூடி வழிப்போக்கர் தங்க ஒரு விடுதி கட்டினர். ஒருவன் முனிவரை அங்கே தங்கவைத்தான். மற்றவன் அவரை வெளியேற்றினான். அவர் இரவெல்லாம் மரத்தடியில் பனியையும் கொசுக்கடியையும் பொறுத்திருந்தார். நண்பர் இருவரும் சினந்து பொருது மாண்டு, ஒருவன் பன்றியாகவும் மற்றவன் புலியாகவும் பிறந்தனர். பின்னர், குகையில் தங்கிய முனிவரைத் தின்னவந்த புலியைப் பன்றி வாயிலில் நின்று தடுத்தது. இரண்டும் மாண்டன. காக்கும் எண்ணத்தால் பன்றி தேவலோகம் எய்தியது. கொல்லும் எண்ணத்தால் புலி நரகம் புகுந்தது.

ஈவதற்கு ஒன்றும் இல்லாத விலங்கும் அபயம் அளிக்கலாம் என்பது இக்கதையின் கருத்து. விடுதியைக் கட்டினால் மட்டும் போதாது; வந்தவரை வெளியேற்றாத மனமும் வேண்டும் என்பதும் அதனுள் அடங்கும். 1991 மே திங்களில் இராஜீவ் காந்தி கொலையுண்டபின், குற்றமற்ற ஏதிலியரும் ஐயத்துடன் நோக்கப்பட்டனர். அந்நாளில் அவர்க்குச் சோற்றைவிட அரிதாக இருந்தது அபயமே. இன்றும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் பல்லாயிரவர் வாழ்கின்றனர். அங்கேயே பிறந்து பெற்றோராகிவிட்டோரும் பலர். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு அகதிகள் முகாம் என்னும் பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என மாற்றியது. ஒரு சொல்லை நீக்குவதும் அபய தானத்தின் பாற்பட்டதே.

இல்லறத்தார் கொள்ளத்தக்கன

முதலாவது, கொடுக்கும் முன் கேட்டறிதல். முகாம்கள் அரசின் மேற்பார்வையில் உள்ளமையால், மாவட்ட நிர்வாகத்தின் இசைவு பெற்று, அங்குள்ள பெரியோரைக் கலந்தே செயற்படுதல் வேண்டும். இரண்டாவது, மேடையும் புகைப்படமும் கைதட்டலும் தவிர்த்தல். மூன்றாவது, நம் உடலில் அணியத் தயங்கும் ஆடையைப் பிறர்க்கு அளியாமை. நான்காவது, விழா நாளில் ஒருமுறை நூறு பேர்க்கு உணவளிப்பதோடு அமையாது, ஒரு பிள்ளையின் படிப்பை முடியும்வரை ஏற்றுக்கொள்ளல்.

வீட்டில் பிள்ளைகளுடன் கலந்துரையாட:

1. விருஷபதேவர்க்கு மக்கள் அளித்த பொருள்கள் ஏன் தானம் ஆகவில்லை?

2. சீருடை பெற்ற மாணவி அதனை ஏன் அணியவில்லை? அவள் இடத்தில் நீ இருந்தால் என்ன கேட்டிருப்பாய்?

3. பொருள் ஏதும் இல்லாமல் இன்று நீ யாருக்கு அபயம் அளிக்க இயலும்?

மூன்றாம் வினாவிற்குப் பெரியோரும் விடை கூறுவாராக.

வாழ்க அறம்!