பழைய கன்ட்ரோலரை ஓரங்கட்டும் முன்

புது கேம் கன்சோல் வாங்கும்போது, பழைய கன்ட்ரோலர் இதில் ஓடவே ஓடாது என்பார் ஒருவர். ப்ளூடூத்தானே, எல்லாம் ஓடும் என்பார் இன்னொருவர். இரண்டுமே அரைகுறை. தம்பிக்கும் தங்கைக்குமாக இரண்டாவது கன்ட்ரோலருக்கு ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் எடுத்துவைக்கும் வீடுகள், உண்மை நிலவரம் தெரிந்த பிறகு அதைச் செய்யலாம்.

நம்பிக்கை: பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலர் பிளேஸ்டேஷன் 5-இல் வேலை செய்யாது.

பாதிதான் சரி. பிஎஸ்4-இன் கன்ட்ரோலரான டூயல்ஷாக் 4 புதிய கன்சோலோடு இணையும். பிஎஸ்4 கேம்களை அதை வைத்தே ஆடலாம். பிஎஸ்5-க்கென வந்த கேமைத் திறந்தால்தான், அதன் கன்ட்ரோலரான டூயல்சென்ஸ் வேண்டும் என்று திரையில் செய்தி வரும். இரண்டு கன்ட்ரோலர்களும் ப்ளூடூத்தில் இயங்குபவையே. தொழில்நுட்பம் இங்கே குறுக்கே நிற்கவில்லை. புதிய கன்ட்ரோலரின் வசதிகளை பிஎஸ்5 கேம்கள் பயன்படுத்த வேண்டும் என்பது 2020 ஆகஸ்டில் சோனி சொன்ன காரணம். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. உரிமம் பெற்ற ரேசிங் வீல்களும் ஆர்கேட் ஸ்டிக்குகளும் பிஎஸ்5 கேம்களில் வேலை செய்யும் என்று அதே அறிவிப்பில் சொன்னார்கள். கணினியில் ரிமோட் ப்ளே செயலியைத் திறந்து டூயல்ஷாக் 4-ஐ இணைத்தால், டிவி முன்னால் மறுக்கப்பட்ட அதே கேமை ஆட முடிகிறது. ஆக, இது நிறுவனம் எடுத்த முடிவு. ஒரு கேமுக்கு பிஎஸ்4, பிஎஸ்5 இரண்டு பதிப்புகளும் இருந்தால் பிஎஸ்4 பதிப்பை நிறுவிக்கொள்ளுங்கள். பழைய கன்ட்ரோலரும் சேர்ந்துகொள்ளும்.

நம்பிக்கை: கேபிள் போட்டும் இணையவில்லையா, கன்ட்ரோலர் போய்விட்டது.

பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி. டூயல்ஷாக் 4-ஐ முதல்முறை இணைக்க மைக்ரோ யுஎஸ்பி கேபிளைச் செருகி, நடுவில் இருக்கும் பிஎஸ் பட்டனை அழுத்த வேண்டும். பவர் பேங்க், ஹெட்போன் ஆகியவற்றோடு வரும் கேபிள்களில் பல, சார்ஜ் ஏற்றுவதற்கு மட்டுமே ஆனவை. தகவல் கடத்தும் கம்பிகள் அவற்றுக்குள் இருக்காது. சார்ஜ் ஒழுங்காக ஏறும், கன்சோல் மட்டும் கண்டுகொள்ளாது. வேறு கேபிளை மாற்றிப் பாருங்கள். அப்போதும் மசியவில்லை என்றால் கன்ட்ரோலரின் பின்பக்கம், எல்2 பட்டனுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் துளை இருக்கும். சிம் கார்டு எடுக்கும் ஊசியால் அதைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் ரீசெட் ஆகிவிடும். பழைய கன்சோலில் மறுபடி ஆட வேண்டுமானால் அங்கேயும் கேபிள் போட்டு இணைக்க வேண்டும்.

நம்பிக்கை: ப்ளூடூத் இல்லாத கன்ட்ரோலர் புதிய எக்ஸ்பாக்ஸுக்கு ஆகாது.

முழுத் தவறு. 2013-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னோடு வந்த கன்ட்ரோலரில் ப்ளூடூத் கிடையாது. ஆனாலும் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் இரண்டிலும், புத்தம்புதிய கேம்கள் உட்பட, அது வேலை செய்கிறது. எக்ஸ்பாக்ஸ் கன்சோல்கள் கன்ட்ரோலரோடு தொடர்புகொள்வது மைக்ரோசாஃப்டின் சொந்த வயர்லெஸ் முறையில். 2016-இல் சேர்த்த ப்ளூடூத், கணினிக்கும் போனுக்கும் உதவுவது. பழையதில் ஷேர் பட்டன் இல்லாதது மட்டும் குறை. பென்சில் பேட்டரி போட்டு ஓடுவதால், வருடக் கணக்கில் சும்மா கிடந்தாலும் புது பேட்டரி போட்டால் போதும். எக்ஸ்பாக்ஸ் 360-இன் வயர்லெஸ் கன்ட்ரோலர் மட்டும் சேராது. அதன் வயர்லெஸ் முறையே வேறு.

நம்பிக்கை: ஸ்விட்ச் 2 வந்தபின் பழைய ஜாய்-கானால் பயனில்லை.

2025 ஜூனில் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2-இல் ஜாய்-கான் என்ற கன்ட்ரோலர் காந்தத்தால் ஒட்டுகிறது. பழையவை தண்டவாளத்தில் நழுவிச் சேர்பவை. எனவே பழையதைப் புதிய கன்சோலில் மாட்டவும் முடியாது, சார்ஜ் ஏற்றவும் முடியாது. வயர்லெஸ்ஸில் இணைத்து ஆடத் தடையில்லை. ரிங் ஃபிட் அட்வென்ச்சர் என்ற கேமுக்கோ பழைய ஜாய்-கான்தான் வேண்டும்: புதியது அதன் உடற்பயிற்சி வளையத்தில் பொருந்தாது, அகச்சிவப்புக் கேமராவும் அதில் இல்லை. பழைய ஸ்விட்சை விற்பவர்கள் ஜாய்-கான் ஜோடியையும், அதற்கு சார்ஜ் ஏற்றும் கிரிப்பையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.