பழந்துணியாலும் கோணியாலும் கால்மிதி செய்யும் முறை

சென்னை நகரில் மயிலாப்பூர், தியாகராயநகர், அடையாறு முதலிய பகுதிகளில், பழந்துணிகளை வாங்கிக்கொண்டு அவற்றிற்கு ஈடாகப் பாத்திரம் கொடுக்கும் வியாபாரம் நெடுங்காலமாக நடந்து வந்திருக்கிறது. ஒரு மூட்டைத் துணிக்கு ஒரு சிறு எவர்சில்வர் கிண்ணம் கிடைத்தால் அதிகம். வியாபாரியும் வேண்டாமென்று தள்ளிய துணி குப்பையோடு சேருகிறது. மற்றொரு பகுதி, நகரத்தில் உத்தியோகம் பார்க்கும் உறவினர் ஊருக்கு வரும்பொழுது அவர்களுடன் வந்து நமது வீட்டுப் பரணில் தங்குகிறது. ஊரிலிருந்து அரிசி கோணியில் நகரத்திற்குப் போகிறது. நகரத்திலிருந்து கந்தை ஊருக்கு வருகிறது. இவ்விரண்டையும் கொண்டு, பணச் செலவு அநேகமாய் இல்லாமல், உறுதியான கால்மிதி செய்துகொள்ளலாம்.

இவ்வேலை அமெரிக்காவின் வடகிழக்குக் கடற்கரையிலும் கனடாவிலும் 19ஆம் நூற்றாண்டில் பரவியது. அங்கே இதற்கு அடித்துணியாக அமைந்தது நமது வங்காளத்துச் சணலில் நெய்த சாக்கேயாகும். கல்கத்தாவை அடுத்த ரிஷ்ராவில் முதல் சணல் ஆலை 1855ல் ஏற்பட்டது. மெயின் மாகாணத்தில் எட்வர்டு ஃப்ராஸ்ட் என்னும் தகரப் பாத்திர வியாபாரி, உலோகத் தகட்டில் பூவேலை வெட்டிச் சாக்கின்மேல் அச்சிட்டு விற்கலானார். பாத்திர வியாபாரத்திற்கும் கந்தைக்கும் உள்ள உறவு அங்கும் இருந்தது போலும்!

முதலில் கோணியைக் கவனிக்க வேண்டும். நெருக்கமாக நெய்த புது நெல் சாக்கில் கொக்கி எளிதில் நுழையாது. பலமுறை உபயோகித்துத் தளர்ந்து, ஆனால் இழை அறாமலிருக்கும் சாக்கே தகுந்தது. உருளைக்கிழங்குச் சாக்கைப் போல வலையாயிருந்தால் துணி வளையம் நில்லாது. அங்குலத்திற்குப் பத்துப் பன்னிரண்டு இழை உள்ளது உத்தமம். பூச்சிமருந்தோ உரமோ இருந்த சாக்கு கூடவே கூடாது. பிளாஸ்டிக் சாக்கு இதற்கு உதவாது. கொள்முதல் நிலையத்துச் சாக்குகள் கணக்கிலுள்ள சர்க்கார் சொத்து என்பதைக் கிராம உத்தியோகஸ்தர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

சாக்கைப் பிரித்துத் துவைத்து வெயிலில் காயவைத்து, 2 அடி நீளமும் 1½ அடி அகலமும் உள்ள கால்மிதிக்கு நாற்புறமும் 2 அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டுக. ஒரு மரச்சட்டத்தில் அதை மத்தளத் தோல்போல் விறைப்பாக இழுத்துக் கட்டவேண்டும். பழைய கயிற்றுக் கட்டிலின் சட்டமே போதும்.

துணி எவ்வளவு வேண்டும்? கால்மிதியின் பரப்பைப்போல் நான்கு மடங்கிலிருந்து ஐந்து மடங்கு வரையில் வேண்டும். மேற்சொன்ன 3 சதுர அடிக்கு 12 முதல் 15 சதுர அடி ஆகும். நைந்த பாகங்களைக் கழித்தாலும் ஒரு ஒன்பது கஜப் புடவையில் ஐந்தாறு கால்மிதிகள் தேறும். பருத்தித் துணியே சிறந்தது. அதுவே காலின் ஈரத்தை உறிஞ்சும். செயற்கை இழைத் துணி ஈரம் வாங்காது; சிமிண்டுத் தரையில் வழுக்கவும் செய்யும். அசல் ஜரிகையுள்ள பட்டுப் புடவையைக் கிழிப்பது அறியாமை. அதிலுள்ள வெள்ளிக்கு விலையுண்டு. எடை போட்டு விற்றுவிடுக. சாயத் துணிகளை உப்புப் போட்ட நீரில் தனித்தனியே ஊறவைத்து, சாயம் போகின்றதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

துணியை நீளவாக்கில், தடித்ததானால் ¼ அங்குலமும் மெல்லியதானால் ½ அங்குலமுமான பட்டைகளாக வெட்டவும். கொக்கிக்குக் கடைக் குரோஷா ஊசி போதும். அல்லது 4 அங்குல ஆணியின் முனையில் கொல்லரைக்கொண்டு ஒரு வெட்டு இட்டு, மழமழப்பாக அராவி, மறுமுனைக்கு மரப்பிடி போட்டுக்கொள்ளலாம். இடதுகை கோணியின் கீழே பட்டையைப் பிடித்திருக்க, வலதுகை மேலிருந்து கொக்கியை நுழைத்துப் பட்டையின் நுனியை மேலே இழுக்கிறது. பிறகு ஓரிரண்டு இழை தள்ளிக் கொக்கியை மறுபடி நுழைத்து, ¼ அங்குல உயரமுள்ள வளையமாகப் பட்டையை மேலே எடுக்க வேண்டும். பட்டை முடிந்தவிடத்திலும் நுனி மேலேயே வரவேண்டும். அதை வளையத்தின் மட்டத்திற்குக் கத்தரித்துவிடுக. முடிச்சு எங்கும் கிடையாது. வளையங்கள் ஒன்றையொன்று நெருக்குவதே பிடிப்பு. ஆனால் எல்லா இழையிடையிலும் குத்தி நிரப்பினால் கால்மிதி சுருண்டு நிற்கும், தரையில் படியாது. புதிதாய்ப் பழகுவோரில் பெரும்பாலோர் இவ்விடத்தில்தான் தவறுகின்றனர். முதலில் ஓரத்தைச் சுற்றி இரண்டு வரிசை போட்டுக்கொண்டு, பின்பு கோலத்தையும், கடைசியில் இடைவெளியையும் நிரப்புவது முறை. வாயிற்கோலத்தையே கரியால் வரைந்துகொள்ளலாம். வேறு சித்திரம் தேடவேண்டுவதில்லை. முடிவில் மிச்சமுள்ள ஓரத்தைப் பின்புறம் மடித்துக் கோணி ஊசியால் தைக்க வேண்டும். பசை தடவுவோரும் உண்டு. நமது ஊர்களில் அது எலிக்கும் பூச்சிக்கும் விருந்தாகும்.

இதனை விற்றுப் பணம் காணலாமா என்று பலர் கேட்கக்கூடும். பழகிய கைக்கும் சதுர அடிக்கு மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். தியாகராயநகர்க் கடைகளில் இயந்திரக் கால்மிதி மலிந்து கிடக்கையில் இதில் கூலி கட்டாது என்பதே எமது அபிப்பிராயம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடார் கரைகளில் கிரென்ஃபெல் மிஷன் இதை மீனவர் குடும்பங்களுக்கு ஜீவனோபாயமாக அமைத்தது உண்மையே. 1906ல் ஜெஸ்ஸி லூத்தர் என்னும் அம்மையார் அங்குக் கைத்தொழில்களைக் கற்பிக்க வந்தார். 1920களில் நகரத்துப் பெண்மணிகளிடமிருந்து பழைய பட்டுக் காலுறைகளைத் தருவித்து அழகிய விரிப்புகள் செய்வித்தார்கள். எனினும் பொருளை மிஷனே வாங்கி வெளியூர்களில் விற்றுக் கொடுத்தது. 1929க்குப் பின் ஏற்பட்ட மந்தத்தில் அவ்வியாபாரம் தளர்ந்தது. அவ்விதம் வாங்குவோர் முன்னதாக ஏற்படாத இடத்தில், கடன்பட்டுச் சட்டமும் துணியும் வாங்கித் தொழில் தொடங்குவது தகாது. வயல்வேலை ஓய்ந்த பங்குனி, சித்திரைப் பகல்களில் வீட்டு உபயோகத்திற்குச் செய்வதில் நஷ்டமொன்றுமில்லை.

சணல் ஈரத்தில் உளுத்துப்போகும். ஆதலால் இக்கால்மிதியைக் குளியலறை வாயிலில் போடலாகாது. அவ்விடத்திற்குக் கோணியின்றித் துணியை மட்டும் பின்னித் தைத்தது ஏற்றது. மண் தரையாயின் கறையான் பயமுண்டு. வாரம் ஒருமுறை தூக்கி உதறுக. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுருட்டி வைக்காமல் கொடியில் தொங்கவிட வேண்டும். அழுக்கேறினால் சோப்பு நீரைத் தூரிகையால் மேலே தேய்த்துக் கழுவி, அடிப்புறம் வெயிலைப் பார்க்கும்படி கவிழ்த்து உலர்த்துக. கல்லில் அடித்துத் துவைத்தால் வளையங்கள் கழன்றுவிடும்.